குழலில் என்ன பொறித்திருக்கிறது? பழைய பம்ப் .22 ரைஃபிள்கள்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பழைய பம்ப் ஆக்‌ஷன் .22 ரைஃபிள்களைப் பற்றியவை: முன்பிடியை முன்னும் பின்னும் நகர்த்தி அடுத்த தோட்டாவை ஏற்றும், சிறிய தோட்டாத் துப்பாக்கிகள். எனக்கு மனதுக்கு நெருக்கமான விஷயம் என்பதால் எல்லாவற்றுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

ஒஹாயோ வாசகர்: எஸ்டேட் விற்பனையில் (இறந்தவர் வீட்டுப் பொருள்களை விற்பது) ஒரு வின்செஸ்டர் 1890 கிடைத்தது. எண்பட்டைக் குழல், நல்ல நிலைமை. .22 லாங் ரைஃபிள் தோட்டாவை ஒவ்வொன்றாகப் போட்டுச் சுட்டுப் பார்த்தேன். வெடிக்கிறது, ஆனால் காலி உறைகள் நீளவாக்கில் பிளந்து வருகின்றன. குழல் கெட்டுவிட்டதா?

குழல் மேல் சந்தேகம் வேண்டாம், தோட்டாதான் தப்பு. முதலில் சுடுவதை நிறுத்துங்கள். குழலில் பொறித்திருப்பதை ஒரு லென்ஸ் வைத்துப் படியுங்கள். அனேகமாக '22 டபிள்யூ.ஆர்.எஃப்.' என்று இருக்கும். வின்செஸ்டர் ரிம்ஃபயர் என்பதன் சுருக்கம் அது, வேறொரு .22 தோட்டா. ரிம்ஃபயர் என்றால் ஊசி உறையின் விளிம்பைத் தட்டிச் சுடுவது.

லாங் ரைஃபிளில் ஈயக் குண்டும் பித்தளை உறையும் வெளியே ஒரே தடிமன். குண்டின் அடிப்பகுதியைச் சற்று மெலிதாக்கி உறைக்குள் செருகியிருப்பார்கள். டபிள்யூ.ஆர்.எஃப். தோட்டாவில் குண்டு முழுத் தடிமனோடு உறைக்குள் உட்காருகிறது. அதனால் உறை பெரிது, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையும் பெரிது. அந்த அறையில் லாங் ரைஃபிள் தொளதொளவென்று நிற்கும். சுட்டதும் பித்தளை தாங்க ஆளில்லாமல் விரிந்து பிளக்கும். சூடான வாயு உங்கள் முகத்துப் பக்கம் திரும்பலாம். கண்ணாடி போட்டிருந்தீர்கள் என்று நம்புகிறேன்.

பிரௌனிங் சகோதரர்கள் ஜானும் மேத்யூவும் வடிவமைத்த இந்த ரைஃபிளை வின்செஸ்டர் 1890 முதல் 1932 வரை தயாரித்தது. ஏறக்குறைய 8.5 லட்சம் வெளிவந்தன. ஷார்ட், லாங், டபிள்யூ.ஆர்.எஃப்., 1919-லிருந்து லாங் ரைஃபிள் என்று நாலு வகை. ஆனால் ஒரு துப்பாக்கி ஒரே ஒரு தோட்டாவுக்குத்தான். தோட்டாவை மேலே தூக்கும் பாகம் அந்த ஒரு நீளத்துக்கு அளவெடுத்துச் செய்தது. ஷார்ட் என்று பொறித்ததில் லாங் ரைஃபிளைத் திணிப்பதும் இதே அளவு தப்பு.

டபிள்யூ.ஆர்.எஃப். தோட்டா அவ்வப்போதுதான் தயாராகிறது. கண்ணில் பட்டால் நாலைந்து பெட்டி வாங்கி வைத்துவிடுங்கள். 1959-இல் வந்த .22 மேக்னம் இதே குடும்பம், நீளமும் அழுத்தமும் அதிகம். மேக்னம் ரைஃபிளில் டபிள்யூ.ஆர்.எஃப். சுடலாம், உங்கள் 1890-இல் மேக்னத்தை ஒருக்காலும் போடக் கூடாது.

மிச்சிகன் வாசகர்: என் வின்செஸ்டர் 62-இல் ஷார்ட் நன்றாக ஓடுகிறது. லாங் ரைஃபிள் சுட்டால் காலி உறை அறையிலேயே ஒட்டிக்கொள்கிறது.

வருஷக்கணக்கில் யாரோ ஷார்ட் மட்டுமே சுட்டிருக்கிறார்கள். ஷார்ட்டின் உறை குட்டை. அதன் வாய் முடிகிற இடத்தில் வாயுவும் ஈயமும் அறைச் சுவரை மெல்ல அரித்து ஒரு வளையம் போட்டுவிடும். நீளமான உறை அந்த வளையத்துக்குள் விரிந்து கவ்விக்கொள்கிறது.

உடனே பதற வேண்டாம். பாதி நேரம் அது வெறும் கருகிய மெழுகும் ஈயமும்தான். பித்தளைப் பிரஷ்ஷில் கரைப்பான் தொட்டு அறையை நன்றாகத் தேய்த்துவிட்டு மறுபடி சுட்டுப் பாருங்கள். அப்புறமும் ஒட்டினால், காலி உறையை வெளிச்சத்தில் திருப்புங்கள். சுற்றிலும் மேடு மாதிரி ஒரு கோடு தெரிந்தால் அரிப்பு உண்மைதான், துப்பாக்கி மெக்கானிக்கிடம் போங்கள். ஒரே ஒரு இடத்தில், விளிம்பருகே வெட்டு மாதிரி தெரிந்தால் காரணம் வேறு: தோட்டா இல்லாமல் விசையைத் தட்டித் தட்டி, தோட்டாவைத் தட்டும் ஊசியே அறையின் விளிம்பை நசுக்கியிருக்கிறது. ரிம்ஃபயரில் வெறும் அறையில் விசையை அழுத்தாதீர்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

டெக்சாஸ் வாசகர்: வின்செஸ்டர் 1906 மாடல் ஒன்று வைத்திருக்கிறேன். நீலப்பூச்சு போய்ப் பழுப்பாகிவிட்டது. பாலிஷ் போட்டுப் புதுப்பூச்சு கொடுக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். பாலிஷ் சக்கரம் பட்டால் எழுத்துகள் மழுங்கும், திருகுத் துளைகளின் ஓரம் கிண்ணம் மாதிரி குழியும். 1906-ம் 8 லட்சத்துக்கு மேல் தயாரானது. அரிய பொருள் இல்லை. சேகரிப்பவர் பணம் கொடுப்பது கை படாத மேற்பரப்புக்குத்தான். நூறு வருஷம் மனிதர்கள் பிடித்துப் பிடித்து வந்த பழுப்பு அது, எனக்கு அது அழகாகவே தெரிகிறது. எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள், போதும்.

பணம் செலவழிப்பதானால் உட்குழலைப் பார்த்துச் செலவழியுங்கள். என் முதல் 1906-ஐ வாங்கும்போது உள்ளே கண்ணாடி மாதிரி பளபளத்தது. வீட்டுக்கு வந்து உலர்ந்த துணியை ஒரு தடவை இழுத்தேன், கெட்டியான கிரீஸ் வந்தது. இரண்டாவது துணியில் செந்துரு. விளக்கைப் பிடித்தால், குண்டைச் சுழல வைக்கும் வரிப்பள்ளங்கள் முழுக்க அம்மைத் தழும்பு. அந்தக் காலத்துத் தோட்டாக்களில், வெடிமருந்தைப் பற்றவைக்கும் பற்றுமருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. எரிந்த பின் அது உப்பாகத் தங்கி ஈரத்தை இழுக்கும். அன்றே துடைக்காத குழல் ஒவ்வொன்றும் இப்படித்தான் போனது. அதிலிருந்து நான் எந்தக் கடைக்குப் போனாலும் என் துணியை நானே எடுத்துப்போகிறேன். விற்பவர் உள்ளே துடைத்துப் பார்க்க விடாவிட்டால் வாங்குவதில்லை.

ஜார்ஜியா வாசகர்: விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே பம்ப் செய்தால் தானாகவே சுட்டுக்கொண்டே போகிறது. பழுதா?

1890, 1906, 62 மூன்றும் அப்படித்தான். ஒவ்வொரு சுடுதலுக்கும் விசையை விட்டு மறுபடி அழுத்த வைக்கும் துண்டிப்புப் பாகம் அவற்றில் கிடையாது. பழுதில்லை, ஆனால் அப்படிச் சுடாதீர்கள். குழந்தைக்குக் கற்றுக்கொடுக்கும்போது, முன்பிடியை நகர்த்தும்போது விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதை முதல் பாடமாக வையுங்கள்.

இன்னொருவர்: ரெமிங்டன் 12 எந்த வருஷத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஜான் பெடர்சன் வடிவமைத்த மாடல், 1909 முதல் 1936 வரை வந்தது. 1920-களின் தொடக்கத்திலிருந்து குழலின் இடப்பக்கம், பின்முனைக்கு அருகில் சின்ன எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து மாதம், அடுத்தது வருஷம். குழலை மாற்றியிருந்தால் அது குழலின் தேதி மட்டுமே.

நியூ ஜெர்சி வாசகர்: எச்-1பி விசாவில் இருக்கிறேன். ஒன்று வாங்கலாமா?

நம்மவர்கள் அடிக்கடி கேட்பது இது. அமெரிக்க மத்திய சட்டப்படி, குடியேறாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. சுடும் பயிற்சி நடக்கும் ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இதில் சேரும். சில விலக்குகள் உண்டு, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் அதில் முக்கியமானது. அதை நம்பி இறங்குமுன் ஒரு வக்கீலைக் கேளுங்கள், விசாவையே பணயம் வைக்கிற விஷயம். கிரீன் கார்டு வந்தால் மத்திய சட்டத்தில் தடையில்லை, ஆனால் உங்கள் மாநிலத்தில் ரைஃபிள் வாங்கவும் அடையாள அட்டை வேண்டும்.

இல்லினாய் வாசகர்: சேகரிப்பு எல்லாம் வேண்டாம், வார இறுதியில் தகர டப்பா சுட ஒன்று போதும். எதை வாங்க?

சரி, உங்களுக்கு வின்செஸ்டர் 62 அல்லது ரெமிங்டன் 121. இரண்டும் 1930-களில் வந்தவை, ஷார்ட், லாங், லாங் ரைஃபிள் மூன்றையும் கலந்தே தின்னும். பட்ஜெட் இடித்தால் 62-ஐப் பார்த்து பிரேசிலின் ராஸி நிறுவனம் செய்தது நல்ல துப்பாக்கி, கீறல் விழுமே என்ற கவலையும் இல்லை. எதை வாங்கினாலும், தோட்டாக்கள் வரிசையாக நிற்கும் மேகஸினின் உள்குழாயை உருவி விரலால் தடவிப் பாருங்கள். ஒரு சின்ன நசுங்கல் இருந்தாலும் தோட்டா அங்கே நின்றுவிடும். நின்ற தோட்டா பத்து நிமிஷம் கழித்து, காலியாகிவிட்டது என்று நீங்கள் நினைக்கும்போது அறைக்குள் வந்து சேரும். தோட்டா வேகம் குறைந்த ஸ்டாண்டர்ட் வெலாசிட்டியாக இருக்கட்டும்.