அடுப்படிக் கேள்வி–பதில்: பிச்சி-பிச்சி ஏன் இறுகவில்லை?

கேள்வி: பிலிப்பீன்ஸ்காரரின் ‘பிச்சி-பிச்சி’ என்ற மரவள்ளிப் பலகாரத்தை இரண்டு தரம் அவித்தேன். முதல் தரம் களியாகக் கிடந்தது. மற்றத் தரம் நடுவில் வெள்ளை மாவாகவே நின்றுவிட்டது. சரியான அளவு என்ன?
– வாசகி, நிலாவெளி

பதில்: களியானதற்குத் துருவலைப் பிழியாததுதான் காரணமாக இருக்கும். கிழங்கிலேயே தண்ணீர் அதிகம். அதன்மேல் நீங்களும் அளந்து ஊற்றினால் இறுகாது.

அன்றோ முதல்நாளோ கிண்டிய கிழங்காக வாங்குங்கள். முறித்துப் பார்த்தால் உள்ளே நீலமும் கறுப்புமாகக் கோடு ஓடியிருந்தால் வேண்டாம். இரண்டு தோலையும் உரித்து, நடுநாரை எடுத்துவிட்டு, கரட் துருவியின் மிக நுண்ணிய பக்கத்தில் தேயுங்கள். துணியில் கட்டிப் பிழிந்த தண்ணீரைப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் வெள்ளையாக மா படியும். மேல்தண்ணீரைக் கொட்டிவிட்டு அந்த மாவைத் துருவலோடு சேருங்கள். இதைக் கொட்டிவிடுபவர்களுக்குத்தான் பலகாரம் உதிரும்.

பிழிந்த துருவல் 2 கப், சீனி 1 கப், ரம்பை போட்டுக் கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீர் 2 கப், லை தண்ணீர் (சமையலுக்கான காரக்கரைசல், lye water) அரைத் தேக்கரண்டி. கலவை பால்போல ஓடும். பயந்து கோதுமை மா சேர்த்துவிடாதீர்கள். மா அடியில் தங்கும் என்பதால் ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஊற்றும்முன் கலக்க வேண்டும். சிறு கிண்ணங்களில் முக்கால்வாசி ஊற்றி 45 நிமிடம், ஒரே தட்டில் என்றால் ஒரு மணித்தியாலம் அவியுங்கள். மூடிக்குத் துணி கட்டுங்கள். சொட்டும் ஆவித்தண்ணீர் மேற்பரப்பைக் கொழகொழப்பாக்கும்.

வெள்ளை முழுக்கப் போய்க் கண்ணாடிபோல மினுங்கினால் வெந்துவிட்டது. உங்கள் இரண்டாவது தரம் அதற்கு முன்பே இறக்கியிருக்கிறீர்கள், அல்லது கிண்ணம் ஆழம் கூடியது. சூட்டோடு கவிழ்த்தால் பாதி கிண்ணத்திலேயே ஒட்டும். நன்றாக ஆறவிட்டு எடுத்துத் தேங்காய்ப்பூவில் புரட்டுங்கள்.

கேள்வி: லை தண்ணீர் கிடைக்கவில்லை. அப்பச்சோடா போடலாமா?
– வாசகர், திருகோணமலை நகர்

பதில்: அப்படியே போட்டால் பலம் போதாது; கூட்டிப் போட்டால் சவர்க்கார வாசம் வரும். தட்டில் பரப்பி 120 பாகை செல்சியசில் ஒரு மணித்தியாலம் அவனில் வையுங்கள். அது சோடியம் காபனேற்றாக மாறும். கையால் தொடாமல், அதில் கால் தேக்கரண்டியை ஒரு மேசைக்கரண்டி வெந்நீரில் கரைத்து, மேற்சொன்ன அளவுக்கு ஒரு தேக்கரண்டி மட்டும் விடுங்கள். இந்தக் காரக்கரைசல்தான் பலகாரத்துக்கு அந்த இழுவையையும் மெல்லிய மஞ்சளையும் தருகிறது. ஒன்றுமே சேர்க்காவிட்டாலும் இறுகும், ஆனால் மெத்தென்று இருக்கும். கூடிப்போய்க் கசந்தால் சீனி போட்டும் திருத்த முடியாது. குழாய் அடைப்பெடுக்கும் கோஸ்டிக் சோடாவை எக்காரணம் கொண்டும் சமையலுக்கு எடுக்காதீர்கள்.

கேள்வி: மரவள்ளியோடு இஞ்சி கூடாது என்பார்கள். இதில் விஷம் ஏதும் உண்டா?
– வாசகி, கிண்ணியா

பதில்: இதில் இஞ்சியே சேர்வதில்லை. கவனிக்க வேண்டியது கிழங்கை. அதிலுள்ள லினமரின் என்ற பொருள், கிழங்கு நசியும்போது சயனைட்டை வெளிவிடும். தோலில் அது அதிகம். உரிப்பது, துருவிப் பிழிவது, நன்றாக அவிப்பது மூன்றும் சேர்ந்துதான் அதைக் குறைக்கின்றன. கசக்கும் கிழங்கைத் தொடவே வேண்டாம். பிலிப்பீன்ஸின் தகாலொக் மொழியிலும் மரவள்ளிக்குப் பெயர் ‘காமோதெங் காஹோய்’, அதாவது மர வற்றாளை. நம்மைப்போலவே அவர்களும் மரத்தை விடவில்லை.

கேள்வி: காலையில் செய்தால் மாலைக்குள் தேங்காய்ப்பூ புளிக்கிறது. பிரிட்ஜில் வைத்தால் கல்லாகிறது.
– வாசகி, தம்பலகாமம்

பதில்: திருவிய பூவில் ஒரு சிட்டிகை உப்புப் பிசறி, பத்து நிமிடம் ஆவியில் வைத்து ஆற்றிப் புரட்டுங்கள். நம்மூர் வெயிலுக்கு அதுவும் ஒரு பகல்தான் தாங்கும். குளிரில் கிழங்கு மா இறுகுவது இயல்பு. ஆகவே மறுநாளைக்கு வேண்டியதைப் பூ இல்லாமல் மூடி பிரிட்ஜில் வையுங்கள். பரிமாறும்முன் ஐந்தாறு நிமிடம் திரும்ப அவித்தால் இளகும். சற்று ஆறியதும் புதுப் பூவில் புரட்டலாம்.