ஸ்பை ஃபேமிலி: கேள்விகளும் பதில்களும்

‘ஸ்பை ஃபேமிலி’ மாங்காவை, அதாவது ஜப்பானிய காமிக்ஸைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கதையைப் போட்டு உடைக்கிற கேள்விகளை மட்டும் ஒதுக்கிவிட்டேன்.

புரசைவாக்கத்திலிருந்து: அக்கா, எனக்கு ஒன்றுமே தெரியாது. என்ன கதை?

லாய்டு ஓர் உளவாளி. டோனவன் டெஸ்மண்ட் என்ற அரசியல்வாதியை நெருங்க வேண்டும். அந்த ஆளோ மகன் படிக்கும் ஈடன் அகாடமி நிகழ்ச்சிகளைத் தவிர வேறெங்கும் எளிதில் தலைகாட்ட மாட்டான். அந்தப் பள்ளியில் ஒரு பிள்ளையைச் சேர்த்தால்தான் வழி. அதனால் லாய்டுக்கு ஒரு வாரத்துக்குள் மனைவி, பிள்ளை எல்லாம் தயாராக வேண்டும். காப்பகத்திலிருந்து கூட்டி வந்த அன்யா, பிறர் மனதைப் படிப்பவள். மனைவியாக நடிக்க வந்த யோர் பகலில் நகராட்சி ஊழியர், இரவில் கூலிக்குக் கொலை செய்பவள். பிறகு வந்து சேரும் நாய் பாண்டுக்கு எதிர்காலம் தெரியும். தாட்சுயா எண்டோ 2019 மார்ச்சில் ஷோனென் ஜம்ப் பிளஸ் என்ற ஜப்பானிய இணைய இதழில் தொடங்கிய தொடர் இது.

மயிலாப்பூரிலிருந்து: முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவன் நான். வலமிருந்து இடமாகப் படித்தால் தலை சுற்றுகிறதம்மா.

சார், கட்டங்கள் சீக்கிரம் பழகிவிடும். ஒரே கட்டத்துக்குள் இருக்கும் பேச்சுக் குமிழிகளில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். அவற்றையும் வலப்பக்கத்திலிருந்தே படியுங்கள். இல்லையென்றால் பதில் முதலில், கேள்வி அப்புறம் என்று வந்து நகைச்சுவை செத்துவிடும்.

வேளச்சேரியிலிருந்து: அன்யாவுக்குத்தான் எல்லாம் தெரியுமே, ஏன் வாயைத் திறப்பதில்லை அக்கா?

திறந்தால் அவள் சக்தியும் வெளியே வந்துவிடும். தத்தெடுத்தவர்கள் பலமுறை திருப்பி அனுப்பிய குழந்தை அது. இன்னொரு முறை போக மனசில்லை. அதோடு அப்பா உளவாளி, அம்மா கொலைகாரி என்பது அவளுக்கு ஒரே குஷி!

இன்னொன்றையும் கவனியுங்கள். மாங்காவில் பேச்சுக்கு ஒரு குமிழி, நினைப்புக்கு இன்னொரு குமிழி. யோர் வாயால் சொல்வதையும் மனதுக்குள் பதறுவதையும் நாம் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கிறோம். அன்யாவும் அதையேதான் பார்க்கிறாள். அதாவது, கதைக்குள் உட்கார்ந்திருக்கும் வாசகி அவள். நம் சபா நாடகங்களின் ஆள்மாறாட்டக் காமெடியில் கூட்டத்துக்கு மட்டும் உண்மை தெரியும். இங்கே அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு வாண்டு மேடையேறி, தனக்கு ஒன்றும் தெரியாததுபோல நடிக்கிறது. ஆனால் சின்னப் பிள்ளை என்பதால் கேட்டதில் பாதிதான் புரியும். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு அப்பாவுக்கு உதவக் கிளம்புவாள். மீதியை நான் சொல்ல வேண்டுமா? அமாவாசையன்று அவள் சக்தி வேலை செய்யாது. அந்த நாளில் பரீட்சை வந்தால் பாவம்தான்.

இதன் அனிமேயும் (ஜப்பானிய அனிமேஷன் தொடர்) நன்றாகவே இருக்கிறது, 2022-இல் வந்தது. ஆனால் இரண்டு குமிழிகளுக்கும் நடுவே கண்ணை ஓடவிட்டுச் சிரிக்கும் சுகம் தாளில்தான்.

அண்ணா நகரிலிருந்து: பையனின் எல்.கே.ஜி. அட்மிஷனுக்கு அலைகிறேன். ஈடன் நேர்காணலைப் படித்தால் சிரிப்பு வருமா, அழுகை வருமா?

இரண்டும் வரும். வாசலில் நுழைந்ததிலிருந்தே ஒளிந்திருந்து மதிப்பெண் போடுகிறார்கள். சாக்கடையில் விழுந்த பையனைக் காப்பாற்றி உடை நாறினால், லாய்டு கையோடு மாற்றுடுப்பு கொண்டு வந்திருக்கிறான். உள்ளே ஒரு ஆசிரியர், இந்த அம்மா பிடிக்குமா, முந்தைய அம்மா பிடிக்குமா என்று கேட்டு அன்யாவை அழவைக்கிறார். லாய்டு ஓங்கிக் குத்தியதில் மேசை உடைகிறது. “கொசு இருந்தது” என்று சமாளிக்கிறான். சென்னையில் சொல்லியிருந்தால் யாருக்கும் சந்தேகமே வந்திருக்காது. காரியத்தைவிடக் குழந்தையின் அழுகை பெரிதாகிப்போன முதல் இடம் அது. எனக்குத் தொடரிலேயே பிடித்த பகுதி.

சேர்ந்த பிறகும் நிம்மதி இல்லை. எட்டு ஸ்டெல்லா நட்சத்திரம் வாங்கினால் சிறப்பு மாணவி; தப்புக்குக் கொடுக்கும் டோனிட்ரஸ் எட்டு வாங்கினால் வெளியே. முதல் நாளே டெஸ்மண்டின் மகன் முகத்தில் குத்தி ஒரு டோனிட்ரஸ் வாங்குகிறாள் நம்மாள்.

பெரம்பூரிலிருந்து: ஒன்பது வயது மகளுக்குக் கொடுக்கலாமா?

நீங்கள் முதலில் படியுங்கள். பதின்ம வயதினருக்கான புத்தகம் இது. யோர் வேலைக்குப் போகும் பக்கங்களில் ரத்தம் உண்டு. லாய்டின் சிறுவயதுக் கதையில் போர் வருகிறது, அங்கே சிரிப்பே கிடையாது.

தாம்பரத்திலிருந்து: எங்கே படிப்பது?

மாங்கா பிளஸ் செயலியில் ஆங்கிலத்தில் இருக்கிறது. தொடக்க அத்தியாயங்களும் புதிதாக வந்தவையும் இலவசம். அச்சுப் புத்தகம் வேண்டுமென்றால் விஸ் மீடியா நிறுவனத்தின் ஆங்கிலப் பதிப்பைக் கேளுங்கள். ஸ்கேன் செய்த திருட்டுப் பிரதி லிங்க் கேட்ட தம்பிக்கு: தர மாட்டேன்.

அடையாறிலிருந்து: அட்டையில் ஏன் எப்போதும் நாற்காலி?

எண்டோவின் குறும்பு. எல்லாம் பேர்பெற்ற வடிவமைப்பாளர்களின் நாற்காலிகள். முதல் தொகுதியில் லாய்டு சாய்ந்திருப்பது 1928-இல் லெ கொர்பூசியே குழு வடிவமைத்தது. ஆமாம், சண்டிகரைத் திட்டமிட்ட அதே ஆள்தான். மற்ற அட்டைகளை நீங்களே தேடிப் பாருங்கள், நல்ல பொழுதுபோக்கு.