எண்ணெய்ப் பளபளப்பை நம்ப வேண்டாம்

கேள்வி: எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் முதுமை காரணமாகத் தம்முடைய .315 ரைபிளை விற்க விரும்புகிறார். அதை வாங்குவதற்கான உரிமம் என்னிடம் உள்ளது. பார்வைக்குப் புதிதுபோல் மின்னுகிறது. ஆனால் பல ஆண்டுகளாகத் தோலுறையிலேயே கிடந்ததாம். துருவையும் மறைந்திருக்கும் கோளாறுகளையும் எப்படிக் கண்டுபிடிப்பது?
- ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: தோலுறையில் கிடந்தது என்பதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. ஆனி ஆடிச் சாரலும் ஐப்பசி கார்த்திகை அடைமழையும் காணும் உங்கள் பகுதியில், உறை ஈரத்தை உறிஞ்சி இரும்போடு அணைத்தே வைத்திருக்கும்.

பெரியவர் காலி என்று சொன்னாலும், தோட்டாக்களை அடுக்கும் மேகசினைக் கழற்றி, குழலின் பின்வாயை மூடும் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, தோட்டா அமரும் அறையைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டு உறுதிசெய்யுங்கள். பிறகு போல்ட்டை வெளியே எடுத்துவிட்டு, துப்புரவுக் கம்பியில் காய்ந்த துணியைச் சுற்றி, குழலில் இருக்கும் எண்ணெய் முழுவதையும் துடைத்தெடுங்கள். பெண் பார்க்க வரும் நாளில் வீட்டுக்கு வெள்ளையடிப்பதுபோல, விற்கும் நாளில் குழலுக்கு எண்ணெய் பூசுவதும் வழக்கம்தான். அதை வஞ்சகம் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் அந்த எண்ணெய் சிறு குழிகளை நிரப்பி மறைத்துவிடும். துடைத்த பின் குழலின் முன்வாய்க்கு எதிரே ஒரு வெள்ளைத் தாளை வெயிலில் பிடித்து, பின்வாய் வழியாகப் பாருங்கள். சுருண்டு செல்லும் வரிகளின் விளிம்புகள் கூர்மையாகத் தெரிய வேண்டும். கரும்புள்ளிகள் தெரிந்தால் அவை துரு அரித்த குழிகள். எந்த எண்ணெயாலும் அவை ஆறா. குறுக்கே மோதிரம்போல ஒரு நிழல் வளையம் தெரிந்தால் குழல் அந்த இடத்தில் புடைத்திருக்கிறது என்று பொருள். விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்காதீர்கள். பழங்காலத் தோட்டாக்களின் அடியில் தீமூட்டும் கேப்பில் இருந்த பொட்டாசியம் குளோரேட், வெடித்தபின் உப்பாகப் படிந்து காற்றின் ஈரத்தை இழுக்கும். அந்த உப்பு தண்ணீரில்தான் கரையும், எண்ணெயில் கரையாது; சுட்டபின் வெந்நீரில் கழுவாமல் எண்ணெய் மட்டும் பூசிய குழல்கள் உள்ளேயே அரிக்கப்படுவது அதனால்தான்.

வெளியே தெரியும் செந்துருவை விட, மரக்கட்டைக்கு அடியில் இருக்கும் துரு மோசமானது. பெரியவர் சம்மதித்தால் முன்கட்டையைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள். திருகுகளின் தலைப்பள்ளம் சிதைந்திருந்தால், கைப்பழக்கம் இல்லாத யாரோ முன்பே கழற்றியிருக்கிறார்கள். பொறித்த எழுத்துகள் மழுங்கியிருந்தால், குழிகளை ராவி மறுபடியும் கருமை ஏற்றியிருக்கலாம். கைப்பிடிக்கருகே கட்டையில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

போல்ட்டில் எண் இருந்தால், அது ரைபிளின் உடற்பகுதியில் பொறித்த எண்ணோடும் பெரியவரின் உரிமத்தில் உள்ள எண்ணோடும் ஒத்துப்போக வேண்டும். வேறு ரைபிளின் போல்ட்டை மாட்டியிருந்தால், தோட்டாவின் அடிக்கும் போல்ட் முகத்துக்கும் இடையிலான இடைவெளி கூடி, சுடும்போது தோட்டாக்கூடு கிழியக்கூடும். இதைக் கண்ணால் அளக்க முடியாது. உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுநீக்குநர் அளவுகோலிட்டுத்தான் சொல்ல வேண்டும். தோப்பில் ஒரு வெடி போட்டுப் பார்த்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, விற்பவர் உங்கள் பெயரையும் முகவரியையும் குறிப்பிட்டு, மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கோ எழுத்தில் தெரிவித்து, 45 நாட்கள் கழிந்த பிறகே துப்பாக்கியைக் கைமாற்ற முடியும். அந்த நாட்களுக்குள் பெரியவரே தம் உரிமத்தோடு ரைபிளை எடுத்து வந்து பழுதுநீக்குநரிடம் காட்டட்டும். முன்பணத்தை அதுவரை கொடுக்காதீர்கள்.