"ஏன் எனக்கு?"னு கேக்கறவங்களுக்கு: கேள்வி பதில்

நான் பாஸ்டர் இல்லீங்க. காட்பாடி பக்கம் வீடு, வீட்டுக்காரர் மூணு வருஷம் டயாலிசிஸ்ல இருந்து போயிட்டாரு, அதுக்கப்புறம் ஆஸ்பத்திரில படுத்திருக்கறவங்களயும் கூட இருக்கறவங்களயும் போய்ப் பாத்துட்டு வர்றேன். தெரிஞ்சத சொல்றேன்.

ஆம்பூர்ல இருந்து ஒரு தங்கச்சி: அக்கா, சுகர்னால அண்ணனுக்கு கால் எடுத்துட்டாங்க. சபையில ஒருத்தர் "ஏதோ மறைவான பாவம் இருக்கு, அறிக்கை பண்ணச் சொல்லு"ன்றாரு. நிஜமா?

இல்லம்மா. பிறவிக்குருடனைக் காட்டி சீஷர்கள் இதே கேள்விய கேட்டப்போ இயேசு, இவனும் பாவம் செய்யல, பெத்தவங்களும் செய்யலன்னு நேராவே சொல்லிட்டாரு, யோவான் 9 எடுத்து படி. பிள்ளைங்க, சொத்து, உடம்பு சுகம் எல்லாம் இழந்த யோபுவோட சிநேகிதங்களும் ஏழு நாள் தரையில கூடவே உக்காந்து வாய தெறக்காம இருந்தாங்க பாரு, அது வரைக்கும் சரி, உன் பாவம்தான் காரணம்னு பேச ஆரம்பிச்சதுலதான் கெட்டுது. கடைசில கர்த்தர் கோபப்பட்டது அவங்க மேலதான். அண்ணன் காதுல அந்தப் பேச்சு விழாம பாத்துக்கோ.

குடியாத்தம், ஒரு தம்பி: "சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது"ன்னு எல்லாரும் சொல்றாங்கக்கா. என் ஆறு வயசுப் பொண்ணு செத்தது நன்மையா?

இல்ல தம்பி. சாவ வேதம் கடைசிச் சத்துருன்னு சொல்லுது. செத்துப்போன சிநேகிதன் லாசருவ எழுப்பப் போறோம்னு தெரிஞ்சும் இயேசு கண்ணீர் விட்டாரே. நீ சொன்ன அந்த வசனம் ரோமர் 8:28, அது பவுல் தானும் பாடுபட்டுக்கிட்டே எழுதுனது, பொணம் கெடக்கற வீட்டுல போய் அடுத்தவன் தலையில போடறதுக்கு இல்ல.

என் கதைய சொல்றேன். டயாலிசிஸ்ல இருக்கறவங்களுக்கு தண்ணி அளந்துதான் குடுக்கணும். ஒரு எவர்சில்வர் டம்ளர் உள்ள நெயில் பாலிஷ்ல கோடு போட்டு வெச்சிருந்தேன், அதுக்கு மேல ஊத்த மாட்டேன், அவரு கெஞ்சுவாரு, திட்டுவாரு. அவரு போனப்புறம் அந்த டம்ளர கண்ணால பாக்க முடியாம பரண் மேல போட்டுட்டேன். ரொம்ப நாள் கழிச்சு ஆஸ்பத்திரி வராண்டாவுல ஒரு பொண்ணு, அப்பா தண்ணி கேட்டு அடிக்க வராருக்கான்னு அழுதா. மறுநாள் அதை எறக்கி, தேய்ச்சு, அவ கையில குடுத்தேன். தண்ணிய வாயில வெச்சுக் கொப்பளிச்சு துப்பச் சொல்லு, கொஞ்சம் தாகம் அடங்கும்னு சொன்னேன். தேவன் நமக்குக் குடுத்த ஆறுதலால நாம அடுத்தவங்களுக்கு ஆறுதல் சொல்லணும்னு 2 கொரிந்தியர் 1:4ல இருக்கறது அன்னிக்குதான் எனக்குப் புரிஞ்சுது. ஆனா இதுக்காகத்தான் கர்த்தர் அவர எடுத்தாருன்னு நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன், யாரையும் சொல்ல விடவும் மாட்டேன். எடுத்ததுக்கு காரணம் எனக்குத் தெரியல, மிச்சம் இருந்த டம்ளர கர்த்தர் வீணாக்கல, அவ்ளோதான் தெரியும். நீ இப்போ எதையும் தேடாத தம்பி, அழு.

பேர் போட வேணாம்னு ஒருத்தர்: கர்த்தர் மேல கோபமா வருது. பாவமா?

88ஆம் சங்கீதம் வாசிங்க, கடைசி வரி கூட இருட்டுலதான் முடியுது, அதையும் வேதத்துல வெச்சிருக்காங்களே. கோபத்தை அவர்கிட்டயே சொல்லுங்க, அதுவும் ஜெபம்தான்.

நர்சிங் படிக்கற பாப்பா: வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரில இருந்த மேரி வர்கீஸ் டாக்டர் மாதிரி எல்லாராலயும் முடியுமா ஆன்ட்டி?

எல்லாரும் அவங்க மாதிரி ஆகணும்னு இல்லம்மா. 1954ல வண்டி கவுந்து இடுப்புக்குக் கீழ உணர்வு போச்சு. அப்புறம் வீல்சேர்ல உக்காந்தே தொழுநோயாளிங்க கைக்கு ஆபரேஷன் பண்ணாங்க, அவங்க முயற்சியில வேலூர் பாகாயத்துல மறுவாழ்வு மையம் வந்தது 1966ல. நடுவுல 12 வருஷம்! சாட்சி சொல்றவங்க அத ஒரே மூச்சுல தாண்டிடறாங்க, ஆனா அந்த வருஷங்கள்ல அவங்க ஒவ்வொரு ராத்திரியும் அந்த உடம்போடதானே படுத்திருப்பாங்க. ஆறு மாசத்துலயே "நோக்கம் புரிஞ்சுதா"ன்னு எந்தப் பேஷண்ட்டையும் கேட்டுடாத.

வாலாஜா, ஒரு அண்ணன்: விசுவாசம் இருந்தா மாத்திரைய நிறுத்தலாமா?

நிறுத்தாதீங்கண்ணா. பவுலே தன் கூட ஊழியத்துக்கு வந்த துரோப்பீமுவ வியாதியோட மிலேத்துல விட்டுட்டுப் போனாரு, அவருக்கு விசுவாசம் இல்லன்னு சொல்லுவீங்களா?

ஆற்காடு, ஒரு தம்பி: ஃப்ரெண்டோட அம்மாவுக்கு கேன்சர். பாக்கப் போனா என்ன பேசறது?

ஒண்ணும் பேச வேணாம்பா. பிளாஸ்க்குல சுடுதண்ணி புடிச்சிட்டு வந்து வை. உன் ஃப்ரெண்ட் எப்போ தூங்குனான்னு கேளு, போய் ரெண்டு மணி நேரம் படுடான்னு அனுப்பிட்டு நீ ஸ்டூல்ல உக்காந்து டிரிப்ஸ் பாட்டில பாத்துக்கோ, தீர்ந்தா சிஸ்டர கூப்புடு. அம்மா கேட்டா மட்டும் ஜெபம் பண்ணு, சின்னதா.