எக்ஸ்ரேயிலும் வங்கியிலும் ஒரே சொல்

கேள்வி: அப்பாவின் மார்பு எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் 'கன்சாலிடேஷன்' என்று எழுதியிருக்கிறது. என் கடன்களை ஒன்றாக்கித் தருவதாகச் சொல்லும் வங்கியும் இதே வார்த்தையைத்தான் சொல்கிறது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? பயப்பட வேண்டுமா?

பதில்: அப்பா விஷயத்தை முதலில் பார்த்துவிடலாம். நுரையீரலின் நுண்ணறைகளில் காற்றுதான் இருக்க வேண்டும். அங்கே சீழோ நீரோ ரத்தமோ நிறைந்துவிட்டால் அந்த இடம் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும். கன்சாலிடேஷன் என்பது அதுதான். அது நோயின் பெயர் அல்ல, படத்தில் தெரிவதைச் சொல்லும் சொல். பெரும்பாலும் நிமோனியாவாக இருக்கும், வேறு காரணங்களும் உண்டு. காய்ச்சல், இருமல், ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து டாக்டர்தான் முடிவு சொல்ல முடியும். ரிப்போர்ட்டை இன்றே காட்டிவிடுங்கள். மூச்சுத் திணறல் இருந்தால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

சரி, சொல்லுக்கு வருவோம். லத்தீனில் 'சோலிடுஸ்' என்றால் உள்ளே வெற்றிடம் இல்லாத, கெட்டியான, முழுமையான என்று பொருள். அதிலிருந்து வந்த வினைதான் 'கொன்சோலிடாரே', அதாவது கெட்டியாக்குவது; 'கன்சாலிடேஷன்' இதிலிருந்து வந்ததுதான். 4-ஆம் நூற்றாண்டில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் அடித்த தங்க நாணயத்துக்கும் சோலிடுஸ் என்றே பெயர். படைவீரனைக் குறிக்கும் 'சோல்ஜர்' இந்தக் காசின் பெயரிலிருந்துதான் வந்தது: சம்பளத்துக்குப் போரிடுபவன்.

ஆக, 'ஒன்று சேர்ப்பது' என்பது பாதி அர்த்தம்தான். இடைவெளி இல்லாமல் போவதே இதன் உயிர். எனக்கு மிகப் பிடித்த உதாரணம் மண்ணியலில் இருக்கிறது. கட்டடத்தின் பாரத்தில் களிமண்ணின் இடுக்குகளில் உள்ள நீர் மெல்ல வெளியேறி, மண் இறுகுவதையும் கன்சாலிடேஷன் என்பார்கள். மண்ணியல் பொறியாளர் கார்ல் டெர்சாகி 1925-இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக விளக்கினார். நுரையீரலில் இடைவெளி நிரம்புகிறது, மண்ணிலோ இடைவெளி நசுங்குகிறது. வழி வேறு, விளைவு ஒன்று.

இனி உங்கள் கடன். பல கடன்களை அடைத்துவிட்டு ஒரே கடனாக மாற்றுவார்கள், அவ்வளவுதான். அதனால் அசல் குறையாது. மாதத் தவணை குறைந்தாலும், காலம் நீண்டால் மொத்த வட்டி கூடலாம். பழைய கடன்களை முன்கூட்டியே அடைக்கக் கட்டணம் உண்டா, புதிய கடனுக்குச் செயலாக்கக் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். அப்புறம், கடைசித் தவணை வரை மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்பதை எழுத்தில் வாங்கி, இப்போதைய கடன்களின் மொத்தத்தோடு ஒப்பிட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள்.