கோடாரிக் காம்பு: ஊறப்போட்டால் இறுகுமா?

கேள்வி: பச்சைக் கருவேலங்கிளையைச் செதுக்கிக் கோடாரிக்குக் காம்பு போட்டேன். 3 மாதத்தில் தலை ஆடுகிறது. தண்ணீரில் ஊறப்போட்டால் இறுகுகிறது. காய்ந்ததும் முன்னைவிட மோசம். என்ன செய்வது? மண்வெட்டிக்கும் ஆப்பு அடிக்க வேண்டுமா?

பதில்: ஊறப்போடுவதை முதலில் நிறுத்துங்கள். ஊறிய மரம் உப்பும். சுற்றிலும் இரும்புக் காது (தலையில் காம்பு நுழையும் துளை) இருப்பதால் உப்ப இடமில்லாமல் நார்கள் உள்ளுக்குள்ளேயே நசுங்கும். நசுங்கிய நார் காய்ந்தபின் பழைய பருமனுக்கு வராது. ஒவ்வொரு ஊறலுக்கும் காம்பு கொஞ்சம் இளைக்கிறது.

கருவேலம் நல்ல மரம்தான். தப்பு, பச்சையாகப் போட்டது. மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, குறுக்கேதான் சுருங்கும். காதுக்குள் இருப்பது அந்தக் குறுக்களவு. அடுத்த முறை கிளை வேண்டாம். அடிமரத்தில் கணுவில்லாத, வைரம் பாய்ந்த துண்டைப் பிளந்து எடுங்கள். பிளந்தால் நார் போகும் வழியிலேயே போகும். ரம்பம் நாரைக் குறுக்கே அறுத்துவிடும், காம்பு அங்கேதான் ஒடியும். இரு முனையிலும் மெழுகோ பெயின்டோ பூசி நிழலில் உலர்த்துங்கள். வாரம் ஒருமுறை எடை போடுங்கள். 3 வாரம் எடை குறையாமல் நின்றால் காய்ந்துவிட்டது.

பழைய காம்பைக் காதுக்குக் கீழே அறுத்து, உள்ளே இருப்பதைத் துளைபோட்டுத் தட்டி எடுங்கள். நெருப்பில் போட்டு எரிப்பது சுலபம்தான், ஆனால் வெட்டும் வாயின் பதம் போய்விடும்.

புதுக் காம்பின் முனையில், காதின் நீளவாக்கில் ஒரு வெட்டு. ஆழம் காதின் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்கு. முனையைக் காதில் நுழைத்து, தலை கீழே தொங்கும்படி காம்பைப் பிடித்து, அடிமுனையில் மரச்சுத்தியால் தட்டுங்கள். தலை தன் கனத்தால் நின்ற இடத்தில் நிற்க, காம்பு அதற்குள் இறங்கும். தரையில் குத்தி இறக்க வேண்டியதில்லை. மறுபுறம் 5 மி.மீ. நீட்டி நின்றதும் நன்றாகக் காய்ந்த கட்டை ஆப்பை வெட்டில் அடியுங்கள். ஈர ஆப்பு என்றால் செய்த வேலை எல்லாம் வீண்.

மண்வெட்டி, பிக்காசில் காது ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகியிருந்தால் ஆப்பே தேவையில்லை. பருத்த முனை அகன்ற பக்கத்தில் நிற்கும்படி காம்பை நுழையுங்கள். வீசும்போதெல்லாம் தலை தானாக இறுகும். இரு பக்கமும் ஒரே அளவு என்றால் ஆப்பு வேண்டும்.

காம்புக்கு ஆளிவிதை எண்ணெய் மெலிதாகப் பூசலாம். அது உலர்ந்து படியும். தேங்காய் எண்ணெய் உலராது, பிசுபிசுத்து வழுக்கும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவிடுங்கள். குவியலாகக் கிடந்தால் தானே சூடேறித் தீப்பற்றும்.