வழிகாட்டி இல்லாமல் குடும்பங்கள் தாங்களே நடந்து பார்க்கும் உள்ளூர் வரலாற்று நடையை எப்படி அமைப்பது? மக்களிடம் கருத்து எப்படி வாங்குவது?

கருத்துப் படிவத்தில் என்னென்ன கேட்கலாம் என்றுதான் கேள்வியின் பாதி இருக்கிறது. இந்த மாதிரி நடைகளைத் தயாரிக்கிற ஒரு தன்னார்வக் குழுவில் நானும் இருப்பதால் சொல்கிறேன், படிவத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் அந்த வட்டாரமே தெரியாத ஒரு குடும்பத்திடம் வழியும் நிறுத்தங்களும் எழுதிய தாளைக் கொடுத்து நடக்கச் சொல்லிவிட்டு, பத்தடி பின்னால் வாயைத் திறக்காமல் போங்கள்.

வாயைத் திறக்காமல் இருப்பதுதான் கஷ்டம். 'இடப்பக்கம் திரும்பவும்' என்று எழுதியிருப்பீர்கள், அங்கே இருபதடிக்குள் இரண்டு சந்து இருக்கும். அப்பா தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பார், அம்மா ஏற்கெனவே சரியான சந்துக்குள் போயிருப்பார், சின்னவன் நீங்கள் ஒரு வரிகூட எழுதாத ஒரு பழைய இரும்பு வளையத்தைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருப்பான். இந்த மூன்றையும் குறித்துக்கொண்டால் போதும், எந்தப் படிவமும் இவ்வளவு சொல்லாது. அந்த வளையம் முன்பு குதிரை கட்டியதா, பந்தல் கட்டியதா என்று விசாரித்து அதையே அடுத்த பதிப்பில் ஒரு நிறுத்தமாகச் சேர்த்துவிடலாம்.

வழி தவறுவதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். பாஸ்டன் நகரத்தில் ஃப்ரீடம் டிரெயில் என்ற தடம் இருக்கிறது, 1951-இல் ஒரு பத்திரிகையாளர் சொன்ன யோசனையில் பிறந்தது. ஏறக்குறைய 4 கிலோமீட்டர், 16 இடங்கள். நடைபாதையிலேயே சிவப்புக் கோடு ஓடுவதால் வரைபடம் பார்க்கத் தெரியாத குழந்தைகூட முன்னால் ஓடிப்போய் வழிகாட்டலாம். நம்மால் தெருவில் கோடு போட முடியாது, சரி, ஆனால் திரும்ப வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் கண்ணுக்குத் தெரிகிற ஒரு பொருளைச் சொல்லலாம்: பச்சைக் கதவு, மணிக்கூண்டு, வளைந்த மரம். திசையும் மீட்டரும் எழுதினால் பாதிப் பேருக்குப் புரியாது.

தூரத்தைப் பொறுத்தவரை பெரியவர்கள் மணிக்கு 4, 5 கிலோமீட்டர் நடப்பார்கள் என்று கணக்குப் போடாதீர்கள். குழந்தைகளோடு என்றால் ஒன்றரையிலிருந்து இரண்டு கிலோமீட்டர், ஆறேழு நிறுத்தங்கள், கிளம்பிய இடத்துக்கே திரும்பி வருகிற வட்டம். கழிப்பறை, உட்கார இடம், குழந்தைத் தள்ளுவண்டி ஏறாத படிகள், இவை மூன்றும் தாளில் கட்டாயம் இருக்கட்டும். பாதியில் அழுகை ஆரம்பித்தால் தப்பித்துப் போக ஒரு குறுக்கு வழியும்.

ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஐந்தாறு வரிக்கு மேல் எழுதாதீர்கள். யார் எந்த ஆண்டில் கட்டினார் என்று ஆரம்பித்தாலே பிள்ளைகள் போய்விடுவார்கள். பார்த்தே பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியிலிருந்து தொடங்குங்கள். ஒரு பழைய கட்டடத்தின் கல்படிகளில் நடுப்பகுதி மட்டும் கிண்ணம் மாதிரி குழிந்து, இரண்டு ஓரமும் கூர் மாறாமல் இருக்கும். 'ஏன் நடுவில் மட்டும்?' என்று கேட்டுவிட்டு ஒரு வரி இடம் விட்டால், அந்தக் குழியில் கால் வைத்துப் பார்த்துப் பிள்ளைகளே சொல்வார்கள். செங்கல் வைத்து அடைத்த ஜன்னல், சுவரில் வெள்ளம் வந்த உயரத்துக்குப் போட்ட கோடு, அடிக்கல்லில் உள்ள பெயர்கள் எல்லாமே இப்படிப் பயன்படும்.

இனி படிவம். ஐந்து நட்சத்திரம் கொடுக்கச் சொல்வதால் ஒன்றும் ஆகாது, எல்லோரும் நான்கு போட்டுவிட்டுப் போவார்கள். மூன்று கேள்வி போதும்: எங்கே வழி தடுமாறியது? எந்த இடத்தில் பிள்ளைகள் நகர மறுத்தார்கள், எந்த இடத்தில் 'போலாம் போலாம்' என்றார்கள்? நாங்கள் எதைத் தவறாக எழுதியிருக்கிறோம் அல்லது விட்டுவிட்டோம்? கடைசிக் கேள்விக்கு வருகிற பதில்தான் தங்கம். லண்டனில் பிரபலமானவர்கள் வாழ்ந்த வீடுகளில் நீலப் பலகை வைக்கும் திட்டம் 1866-இல் தொடங்கியது, யாருக்கு வைக்கலாம் என்பதைப் பொதுமக்கள்தான் முன்மொழிகிறார்கள். அப்படியும் பெண்களுக்கான பலகைகள் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. கருத்துப் பெட்டியைத் திறந்து வைத்தால் மட்டும் எல்லாத் தரப்பும் வந்து எழுதிவிடாது. உங்கள் தாளில் வீட்டுக்காரர்கள் மட்டும் இருக்கிறார்களா, கட்டியவர்களும் துப்புரவு செய்தவர்களும் பின்னால் குடியேறியவர்களும் இருக்கிறார்களா என்று அவர்களிடமே போய்க் கேட்க வேண்டும்.

அந்தத் தெருவில் வருஷக்கணக்காக இருக்கும் பெரியவர்களிடம் கேட்டால் ஒரே கட்டடத்துக்கு இரண்டு கதை வரும். ஒருவர் சொன்னதைத் தூக்கிப் போடாதீர்கள். ஆவணத்தில் இருப்பதை ஆவணத்தில் இருப்பதாகவும், சொல்லக் கேட்டதைச் சொல்லக் கேட்டதாகவும் பிரித்து எழுதிவிட்டால் சண்டை பாதி குறையும், பிள்ளைகளுக்கும் அது பிடிக்கும்.

தடத்தில் உள்ள வீடுகளில் குடியிருப்பவர்களிடமும் கேளுங்கள், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜன்னலுக்கு வெளியே பத்துப் பேர் நின்று எட்டிப் பார்த்தால் யாருக்குத்தான் கோபம் வராது? எதிர்ச் சாரியில் நின்று பாருங்கள் என்று தாளிலேயே எழுதிவிடலாம், அங்கிருந்து பார்த்தால் கட்டடமும் முழுசாகத் தெரியும்.

தாளின் அடியில் பதிப்பு எண்ணும் மாதமும் போட்டு, யாரோ சொல்லித் திருத்தியதை ஒரு வரியில் குறிப்பிடுங்கள், அடுத்த முறை அவர்களே தேடி வந்து சொல்வார்கள். அப்புறம், படிவத்தில் பெயரும் போன் நம்பரும் கட்டாயம் என்று மட்டும் வைத்துவிடாதீர்கள், பாதிப் பேர் அங்கேயே மூடிவிடுவார்கள்.